தட்டில் வைத்த பதினோரு பென் டிரைவ்

இப்போதெல்லாம் பென் டிரைவை யாரும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதில்லை. இரண்டாயிரத்து எட்டில் சிவகாசியில் நாங்கள் திரிந்தோம். கறுப்புக் கயிறு, அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவ், அதற்குள் ஒரு ஜிபி. ஒரு ஜிபி என்றால் அப்போது சொத்து. அந்தக் கயிற்றோடு ஒருத்தன் தெருவில் போனால் அவன் பட்டாசு ஆலைக்காரன் இல்லை, அச்சுத் தொழிலில் இருக்கிறவன் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பெண் கொடுக்கிறவர்கள்கூட அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தனான முனியராஜ் அடித்துவிடுவான். அவன் சொல்வதில் பாதிதான் நிஜம். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

நான் முருகேஸ்வரி. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, மூக்குக்கு மேலே கோபம். மாரீஸ்வரன் அண்ணாச்சியின் டி.டி.பி. கடையில் டிசைன் செய்துகொண்டிருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், எது வந்தாலும் செய்வோம். கடையில் நாலு சிஸ்டம். மானிட்டர் ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம் இருக்கும், முன்னால் உட்கார்ந்தால் முகத்தில் சூடு அடிக்கும். அந்த வருஷம் கரண்ட் போகாத நாளே கிடையாது. போனதும் நாலு யு.பி.எஸ்ஸும் ஒன்றாகக் கத்த, நாங்கள் அடித்துப் பிடித்து வேலையை சேவ் பண்ணுவோம். சும்மா சொல்லக் கூடாது, இன்றைக்கு வீட்டில் சத்தமே இல்லாத லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கூச்சலுக்காக ஏங்குகிறேன்.

எங்களிடம் ஏழு அச்சகங்கள் வேலை கொடுத்தன. டிசைன் எங்களுடையது, பிளேட் போட்டு அச்சடிப்பது அவர்கள் பாடு. ஒவ்வொரு அச்சகத்திலிருந்தும் ஒருத்தர் பென் டிரைவோடு வருவார், ஃபைலை ஏற்றிக் கொடுப்போம், திருத்தம் இருந்தால் மறுபடி வருவார். ஒரு நாளைக்குப் பத்து நடை. சோலைமலை அண்ணாச்சியின் அச்சகத்திலிருந்து வருகிறவன்தான் முனியராஜ்.

அவன் என்னைவிட இரண்டே மாதம் இளையவன். அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு என்னை அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக் கடுப்பேற்றுவான். நான் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவேன். அவன் பென் டிரைவில் பாதி இடத்தில் லேபிள் இருக்கும், மீதியில் சினிமாப் பாட்டு. புதுப் படப் பாட்டு ஊருக்குள் வந்த அன்றே அவனிடம் இருக்கும். எங்கிருந்து பிடிக்கிறானோ தெரியாது, எங்கள் நாலு சிஸ்டத்திலும் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். கார் ரேஸ் விளையாட்டு ஒன்றையும் ஏற்றியிருந்தான். மாரீஸ்வரன் அண்ணாச்சி வெளியே போனால் ஆளுக்கு ஒரு ரவுண்டு ஓட்டுவோம். என் வாழ்க்கையில் அம்புட்டுச் சிரித்தது அந்தக் கடையில்தான்.

அவனுக்கு அந்த வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவன் அம்மா சுப்புத்தாய் நாரணாபுரத்தில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவள் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது தீப்பிடித்து, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தவர். அவளும் அதே ஆலையில்தான் திரி வைக்கும் வேலைக்குப் போனாள், வேறு போக்கிடம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கடைக்கு வந்து, மகனின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் சீட்டை என் கையில் வைத்தாள்.

"எம்மவன் மருந்து ரூமுக்குள்ள கால வைக்கக் கூடாதும்மா. நான் கெடந்து சாகுதேன், அது போதும். பேப்பர் தூக்குற வேலைன்னாலும் பரவால்ல."

நான் சோலைமலை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் கறார் பேர்வழி. சொந்தக்காரன் என்று பார்க்க மாட்டேன், தப்புத் தண்டா நடந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். சுப்புத்தாய் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தாள். எனக்கும் ஒரு தூக்குச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி சரஸ்வதி பூஜைக்கு வருகிறேன். எல்லா ஊரிலும் கருவிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு ராத்திரி தொடாமல் விடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் ஒவ்வொரு கருவியையும் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும். அச்சகத்தில் மிஷினை ஓட்டி ஒரு தாள் அடிப்பார்கள். எங்கள் கடையில் அண்ணாச்சி வேறு ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேலை பிறக்கிற இடம் நம் கடைதான், அதனால் ஏழு அச்சகத்துப் பென் டிரைவும் பூஜைக்கு இங்கேதான் வர வேண்டும் என்பார். அவர்கள் ஏழு, கடையுடையது மூன்று, என்னுடையது ஒன்று. ஆக மொத்தம் பதினோரு பென் டிரைவையும் பித்தளைத் தட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மூடியிலும் சந்தனப் பொட்டு வைப்போம். மறுநாள் காலையில் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் நிறம் கொடுத்து, அந்த ஃபைலைப் பதினொன்றிலும் ஏற்றிக் கொடுக்க வேண்டும். நாலு சிஸ்டமும் கருவிதானே, ஒன்றை விட்டு ஒன்றில் செய்தால் குறை. அதனால் பதினோரு பென் டிரைவையும் நாலு சிஸ்டத்திலும் ஒரு தடவை செருகி எடுக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, காலை ஏழு மணிக்கே வந்து செய்வேன். அதில் எனக்கு அம்புட்டுப் பெருமை.

அந்த வருஷம் கூடுதலாக ஒன்று செய்தேன். பூஜைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் சாத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் அம்மன் வீதியுலா வந்த படம் தொங்கியது. அப்படியொரு அலங்காரம். கெஞ்சிக் கேட்டு அதை என் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பூஜை வரைக்கும் எதிலும் செருகாமல் பத்திரமாக வைத்திருந்தேன். விஜயதசமி காலையில் என் பென் டிரைவை முதலில் செருகி, நாலு சிஸ்டத்துத் திரையிலும் அம்மனை வைத்தேன். பிறகு மற்றப் பென் டிரைவ்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பிள்ளையார் சுழியை ஏற்றினேன். அண்ணாச்சி வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனியராஜ் மட்டும், அம்மன் கிரீடத்துக்கு அடியில் ஃபோல்டர் ஒன்றும் தெரியவில்லை அக்கா என்று கிண்டல் பண்ணினான்.

ஒரு வாரம் கழித்துச் சிஸ்டங்கள் பேயாட ஆரம்பித்தன. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அதற்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். அதைத் தட்டினால் ஒன்றும் திறக்காது, ஆனால் சிஸ்டம் மெதுவாகும். யாரும் இன்டர்நெட் பக்கமே போகாத நேரத்திலும் மோடத்தின் பச்சை விளக்கு விடாமல் படபடவென்று துடிக்கும். கரண்ட் குறைபாடாக இருக்கும் என்று நினைத்தோம். பிறகு டெலிபோன் ஆபீசிலிருந்து அண்ணாச்சிக்குப் போன் வந்தது. உங்கள் லைனிலிருந்து ஒரு நாளைக்குப் பதினாறாயிரம் மெயில் வெளிநாட்டுக்குப் போகிறது, நிறுத்துகிற வரைக்கும் லைனைக் கட் பண்ணுகிறோம் என்றார்கள். அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். அவர் வாழ்க்கையில் மொத்தமாகவே அறுபது மெயில்தான் அனுப்பியிருப்பார்.

விருதுநகரிலிருந்து எழில் என்று ஒரு சர்வீஸ்காரர் வந்தார். ஒல்லியாக, எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு முகம், ஆனால் கெட்டிக்காரர். பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். இது பென் டிரைவில் ஒளிந்திருக்கும் வைரஸ், செருகினாலே போதும், தானாகச் சிஸ்டத்துக்குள் இறங்கிவிடும். அடுத்து அந்தச் சிஸ்டத்தில் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதிலும் ஏறிக்கொள்ளும். இறங்கியதும் இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கிற ஒருத்தனிடம் நான் தயார் என்று சொல்லும். அவன் ஏவுவதையெல்லாம் செய்யும். உலகம் பூராவும் இப்படி லட்சக்கணக்கான சிஸ்டங்களை ஒரே ஆள் கட்டி மேய்க்கிறான், உங்கள் நாலும் அதில் சேர்த்தி என்றார். நாங்கள் காலண்டருக்குத் தேதி கோத்துக்கொண்டிருந்த அதே சிஸ்டம், எங்களுக்குத் தெரியாமல் அமெரிக்காக்காரனுக்குத் தூக்க மாத்திரை விற்றுக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எல்லாரும் நாலு சிஸ்டத்தையும் விட்டுத் தள்ளி நின்றோம்.

எழில் நாலு சிஸ்டத்தையும் ஃபார்மட் அடித்தார். டிசைன்களைக் காப்பாற்றிக் கொடுத்தார், பாட்டும் கார் ரேஸும் போயின, அம்மன் படமும் போனது. ஆனால் லைன் திரும்ப வர நாலு நாள் ஆனது. அதற்குள் கோயம்புத்தூர் ஜவுளிக்கடைக்காரர் காலண்டர் புரூஃப் வரவில்லையென்று ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். அதோடு ஏழு அச்சகத்துச் சிஸ்டத்திலும் அதே வைரஸ், அங்கேயும் வேலை நின்றது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஏழு அச்சகத்துக்காரர்களும் எங்கள் கடையில் கூடினார்கள். எங்கள் ஊரில் எந்த ஆலையில் விபத்து நடந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எந்த ரூமில் பிடித்தது, உள்ளே யார் இருந்தது? அதே குரலில்தான் மாரீஸ்வரன் அண்ணாச்சி கேட்டார்.

"இது எங்கன பிடிச்சது? யாரு கொண்டாந்தது?"

எழிலுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஃபார்மட் அடித்த பிறகு தடம் எங்கே இருக்கும்? அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சிஸ்டங்கள் என் பொறுப்பு. ஏழு முதலாளிகளும் என்னையே பார்த்தார்கள். பயந்துவிட்டேன், வேறொன்றுமில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"முனியராஜு பென் டிரைவுதான் அண்ணாச்சி. கண்ட கண்ட எடத்துல பாட்டு ஏத்திட்டு வர்றவன் அவன் ஒருத்தன்தான்."

பொய் சொல்லவில்லை. எனக்குச் சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. வேறு யாருடையதில் இருக்கப் போகிறது? நான் சொன்ன விதத்தில் துளி சந்தேகம் இல்லை, நேரில் பார்த்தவள் மாதிரி சொன்னேன். முனியராஜ் கதவோரம் நின்றிருந்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சோலைமலை அண்ணாச்சி எழுந்து போய், அவன் கழுத்திலிருந்த கயிற்றைத் தன் கையாலேயே கழற்றி மேசைமேல் போட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவன் சரியென்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

இனிமேல் பென் டிரைவே வேண்டாம், எல்லாம் சி.டி.யில் எழுதிக் கொடு என்று மாரீஸ்வரன் அண்ணாச்சி உத்தரவு போட்டார். பதினோரு பென் டிரைவையும் ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாள் ஆலைகள் மூடிக்கிடக்கும். நவம்பர் கடைசியில் பூஜை போட்டு மறுபடி திறந்தார்கள். ஒரு நாள் காலையில் கடைக்கு வரும்போது விஸ்வநத்தம் பக்கம் போகிற பட்டாசுக் கம்பெனி பஸ் ஒன்று சிக்னலில் நின்றது. ஜன்னலோரம் முனியராஜ் உட்கார்ந்திருந்தான். வேறு அச்சகம் எதிலும் அவனைச் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். வைரஸ் கொண்டு வந்தவன் என்று ஊருக்குள் பேர் ஆகிவிட்டது, யார் சேர்ப்பார்கள்? அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினான், எப்போதும் ஆட்டுகிற மாதிரியே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செய்வதைச் செய்துவிட்டுச் சிரிப்பு வேறு என்று எனக்குள் பொருமினேன். நல்லா இருந்தது என் நியாயம்!

டிசம்பர் இரண்டாவது வாரம், காலண்டர் வேலை கொஞ்சம் ஓய்ந்தது. அச்சகத்துக்காரர்கள் பென் டிரைவைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள், சி.டி. அவர்களுக்கு ஒத்து வரவில்லை. எல்லாவற்றையும் துடைத்துக் கொடு என்று அண்ணாச்சி ஸ்வீட் டப்பாவை என்னிடம் கொடுத்தார். பென் டிரைவை எப்படிப் பத்திரமாகத் திறப்பது, ஒளிந்திருக்கிற ஃபைலை எப்படிக் காட்ட வைப்பது என்று எழில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சரி, அழிப்பதற்கு முன்னால் அந்தச் சனியன் எப்படித்தான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று திறந்தேன்.

ஒரு அச்சகத்துப் பென் டிரைவ். ஒளிந்திருந்த ஃபைல் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்திலேயே அது வந்து ஏறிய தேதியும் நேரமும் இருந்தன. அக்டோபர் ஒன்பது, காலை ஏழு இருபத்திரண்டு. அடுத்ததை எடுத்தேன். அதே அக்டோபர் ஒன்பது, ஏழு இருபத்து மூன்று. அடுத்தது ஏழு இருபத்தைந்து. முனியராஜுடையதைச் செருகினேன். உள்ளே அவன் பாட்டுகள் அப்படியே இருந்தன. வைரஸ் ஏறிய நேரம் ஏழு முப்பத்தொன்று. அதுவரை பார்த்த பத்திலும் கடைசி அதுதான்.

அக்டோபர் ஒன்பது என்ன நாள் என்று நான் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. காலண்டர் அடிக்கிறவள் நான். விஜயதசமி. காலை ஏழு மணிக்கு அந்தக் கடையில் இருந்தது நான் ஒருத்திதான். அந்த வரிசை நான் தட்டிலிருந்து எடுத்த வரிசை. கடைசியாக என் பென் டிரைவைச் செருகினேன். அதில் மட்டும் தேதி வேறு. அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று பத்து. அம்மன் படம் ஏறியதும் அதே மூன்று பத்து. சாத்தூர் ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் இருந்தது, அவருக்கே தெரியாமல் என்னோடு பஸ் ஏறி வந்திருக்கிறது. நான் தலைக்குக் குளித்து, சந்தனம் வைத்து, ஒன்றுவிடாமல் நாலு சிஸ்டத்துக்கும் பத்துப் பென் டிரைவுக்கும் என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன்.

அன்றைக்கே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. முதலில் மாரீஸ்வரன் அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முடிந்த கதையை ஏன் கிண்டுகிறாய், நம் கடையிலிருந்துதான் ஏழு அச்சகத்துக்கும் போனது என்று தெரிந்தால் ஒருத்தன் வேலை கொடுப்பானா, பேசாமல் அழித்துவிட்டு வேலையைப் பார் என்றார். பேசாமல் இருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒன்பது நாள் ஓடியது. பென் டிரைவ்களை மட்டும் அழிக்கவில்லை. சிஸ்டம் சரியில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டமார் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் இந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஒன்றுபோல வெளியே வந்துவிடுவோம். தெருவில் நின்று புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். புகை விஸ்வநத்தம் பக்கம் எழுந்தது.

எச்சில் கையோடு நடு ரோட்டில் நின்றேன். யார் யாரோ யார் யாருக்கோ போன் போட்டார்கள். எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. மருந்து ரூமுக்குள்ள கால வைக்கக் கூடாதும்மா என்று மார்க் சீட்டை நீட்டிய கை மட்டும் கண்ணுக்குள் நின்றது. அம்மா தாயே, அவன் மட்டும் நல்லா இருக்கட்டும், நான் சொல்லிவிடுகிறேன், எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தகவல் வந்தது. கழிவு மருந்தைக் குழியில் போட்டு எரித்திருக்கிறார்கள், அது மொத்தமாகப் பிடித்துவிட்டது, ஆள் சேதம் எதுவும் இல்லை. நான் கையைக் கழுவிவிட்டு, அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஸ்வீட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்றும் மறுநாளும் ஏழு அச்சகத்துக்கும் போனேன். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் பென் டிரைவைச் செருகித் தேதியைக் காட்டி, கொண்டு வந்தது நான், முனியராஜ் இல்லை என்று சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தர் இனிமேல் உங்கள் கடைக்கு வேலை கிடையாது என்றார். சோலைமலை அண்ணாச்சியை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இதச் சொல்ல ஒனக்கு ரெண்டு மாசமா?"

"எனக்குத் தெரிஞ்சே பத்து நாளுதான் அண்ணாச்சி. அந்தப் பத்து நாளும் பயந்துக்கிட்டுச் சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விசாரிக்காமல் கயிற்றைக் கழற்றியது தன் கைதான் என்று சொன்னார். திங்கட்கிழமை அவனை வரச் சொல் என்றார். அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதே இல்லை.

அன்று சனிக்கிழமை. மினி பஸ் பிடித்து நாரணாபுரத்தில் இறங்கும்போது மணி ஐந்தரை. ஆலை விட்டு எல்லாரும் வீடு திரும்பியிருந்தார்கள். சுப்புத்தாய் வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் சுளிப்பாள், வா என்றுகூடச் சொல்ல மாட்டாள் என்று நினைத்துத்தான் போனேன். அவளோ பழையபடியே, வாம்மா, உள்ள வா, டீ போடவா என்றாள். எனக்கு அதுவே தாங்கவில்லை.

முனியராஜ் பின்பக்கம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அலுமினியப் பொடி முழங்கை வரைக்கும் வெள்ளி மாதிரி அப்பியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணிலிருந்து போகவில்லை. புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூமில் வேலை என்றான். என்னக்கா, இம்புட்டுத் தூரம், கடை லீவா என்று கேட்டான்.

உட்காரச் சொன்னதையும் கேட்காமல் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். சாத்தூர், ஸ்டூடியோ, அம்மன் படம், விஜயதசமி, தட்டு, ஏழு மணி, ஒவ்வொரு பென் டிரைவிலும் இருந்த நேரம், கடைசியாக ஏறியது அவனுடையது என்பது, எல்லாம் சொன்னேன். சோலைமலை அண்ணாச்சி திங்கட்கிழமை வரச் சொன்னதையும் சொன்னேன். என்னைத் திட்டு, என்ன வேண்டுமானாலும் திட்டு என்றேன். அவன் திட்டவில்லை. குழாயை மூட மறந்து நின்றான், தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

"அப்ப நான் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. என்னலே சொல்ற என்றேன்.

"நான்தான் கொண்டாந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்க்கா. பாட்டு ஏத்துன கடை ஒவ்வொண்ணா தெனம் நெனச்சுப் பாப்பேன், எந்தக் கடைன்னு பிடிபடல. ஏழு பேரு பொழப்பக் கெடுத்துட்டமேன்னு தூக்கம் வராது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுதான் அன்னைக்கு நான் வாயே தெறக்கல."

சொல்லச் சொல்ல அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது. ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்தான், கன்னமெல்லாம் பொடி அப்பிக்கொண்டது. சுப்புத்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவன அன்னைக்கு வெளக்கமாத்தால அடிச்சேம்மா. ஒன் பேரக் கெடுத்துட்டான்னு அடிச்சேன். வாங்கிக்கிட்டு நின்னான்."

நான் அழுதேன். அழுதேன் என்று சும்மா எழுதிவிட முடியாது, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். முனியராஜ்தான் கடைசியில் குழாயை மூடினான். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னொருக்கச் சொல்லுங்கக்கா. மொதல்ல இருந்து. அம்மா கேக்கட்டும்."

நானும் தரையில் உட்கார்ந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று பத்து என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.